திரையில் நடந்த அப்பா

ஜெருசலேம்,
மாதுளை பழுத்து வெடிக்கும் நாட்கள்.

என் தம்பி ஃபௌஸிக்கு,

உன் உடம்புக்கும் குரலுக்கும் ஒரு குறையும் வராதிருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு அக்கா ருதைனா எழுதுகிறேன். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். அதனால்தான் இதை எழுதி, உங்கள் படக்குழுவுக்கு வரும் ஒப்பனைக்காரப் பெண்ணிடம் கொடுத்தனுப்புகிறேன்.

இங்கே படமெடுக்க அனுமதி கிடைக்காமல், துனிசியாவில் நம் தெருவையே பலகையிலும் சாயத்திலும் எழுப்பியிருக்கிறார்கள் என்றாய். நம் வீட்டுக் கதவைத் திறந்தால் உள்ளே வீடில்லை, மணலும் கடலும்தான் என்றாய். அன்றிலிருந்து எனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது. விடியலில் பனி இறங்கியிருக்கும்போது தெருவில் நடந்தால், இது கல்லா பலகையா என்று சுவரைத் தொட்டுப் பார்க்கிறேன். எதிரே நீ வசனம் முணுமுணுத்துக்கொண்டு வருவதுபோல இருக்கிறது. அருகே போனால் பனிதான்.

உன் முதல் வேஷம் நினைவிருக்கிறதா? பிணம். நடுமேடையில் நீ தும்மிவிட்டாய். சனம் சிரித்த சிரிப்பில், இயக்குநர் அந்தத் தும்மலை நாடகத்திலேயே சேர்த்துக்கொண்டார். பிறகு ஒருநாள் அரங்கக் கதவில் தடை உத்தரவு ஒட்டிப் பூட்டிவிட்டார்கள். நீங்கள் வெளியே படிக்கட்டில், வெயிலிலேயே நாடகத்தை நடத்தி முடித்தீர்கள். அப்போதும் அப்பா வரவில்லை. நம் ரொட்டிக் கடை அடுப்பில் எள் ரொட்டி இருக்கிறது என்றார். "ஊரே சோதனைச் சாவடியில அப்பாவி வேஷம் போட்டுக்கிட்டு நிக்குது. இவன் தனியா வேற வேஷம் கட்டணுமா?" என்று கேட்டார்.

சினிமாவில் உனக்குக் கிடைத்ததெல்லாம் சாகிற வேஷம். யாராவது விசாரித்தால், "என் மவன் செத்துப் பொழைக்கிறான்" என்பார் அப்பா. அவருக்கு அது கேலி. நான் ஒவ்வொரு தடவையும் எழுந்து உள்ளே போய்விடுவேன்.

போன வாரம், மறுபடி திறந்திருக்கும் நம் அரங்கத்தில், நீ கிழவராக நடித்த படத்தைத் திரையிட்டார்கள். பிற ஊர்களில் பரிசு வாங்கிய படம், நம் தெருவுக்கு இப்போதுதான் வந்தது. ரொட்டி கொடுக்கத்தான் வந்தேன் என்று சொல்லிக்கொண்டே அப்பாவும் வந்தார். கடைசி வரிசையில், தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வெள்ளைத் தாடியோடு நீ படியேறினாய். முழங்காலில் கையை ஊன்றி, ஏறி, நடுவில் நின்று, ஏதோ புறாவைத் தேடுவதுபோல வானத்தைப் பார்த்தாய். எனக்கு அது நீயாகத் தெரியவில்லை. இருட்டில் அப்பா என் கையைப் பிடித்தார்.

"இது நான்தானே?" என்றார்.

அவர் மடியிலிருந்த தட்டு நழுவாமல் பிடித்துக்கொண்டேன்.

"மூச்சு வாங்கத்தான் நிக்கிறேன்னு எவனுக்கும் தெரியாதுன்னு நெனச்சேன் புள்ள. வானத்தப் பாக்குற மாதிரி நிப்பேன். இவன் எப்போ பாத்தான்?"

படம் முடிந்து வீடு திரும்பும்போது நம் படிக்கட்டில் நின்றார். வானத்தைப் பார்க்கவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்குவதை மறைக்காமல் அப்படியே நின்றார். அதற்குப் பிறகுதான் மருத்துவரிடம் வரச் சம்மதித்தார். இதயம் களைத்துப்போயிருக்கிறது என்கிறார் மருத்துவர். உன்னிடம் சொல்லக்கூடாது என்று அப்பாவின் கட்டளை. உனக்குத் தெரியும் என்று நீயும் காட்டிக்கொள்ளாதே. மருந்து சாப்பிடுகிறார். அடுப்பை இப்போது நான்தான் பார்க்கிறேன். ரொட்டி கொஞ்சம் கருகுகிறது, வாங்குகிறவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள்.

பாரிஸ் நாடகக் குழு உன்னைச் சில வருடங்கள் அங்கேயே தங்கச் சொல்லிக் கூப்பிட்டிருப்பது எனக்கும் தெரியும். அவ்வளவு பெரிய மேடையில் நீ நிற்பதைக் கற்பனை செய்து பார்த்தேன். விளக்கெல்லாம் உன் முகத்தில் விழுகிறது. சந்தோஷமாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டு ஸமீஹாவின் அண்ணனும் அப்படித்தான் படிக்கப் போய், வேலை கிடைத்துத் தங்கினான். வருடக்கணக்கில் வெளியே இருந்துவிட்டான் என்று சொல்லி, இந்த ஊரில் வாழ்வதற்கான அவனுடைய குடியிருப்பு அட்டையை ரத்து செய்துவிட்டார்கள். இந்தக் கோடையில் சுற்றுலாப் பயணியாக விசா வாங்கி வந்து, பெற்ற தாயின் வீட்டில் விருந்தாளிபோல இருந்துவிட்டுப் போனான். பெட்டியைக்கூட முழுதாகப் பிரிக்கவில்லை. இதை உன்னைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லமாட்டேன். உன் தொழிலை நீதான் அறிவாய்.

ஒன்றுதான் சொல்ல வேண்டும். நேற்று மாலை வெயில் தணிந்தபின் அப்பாவும் நானும் மாடியில் உட்கார்ந்திருந்தோம். படத்தில் அந்தக் கிழவர் படியிறங்குகிற காட்சி உண்டா என்று திடீரென்று கேட்டார். இல்லை அப்பா, ஏறுவதோடு படம் முடிந்துவிடுகிறது என்றேன். அப்புறம் சொன்னார்:

"எறங்குறதுதான் அதவிடக் கஷ்டம். அவன் அதப் பாக்கலையே. வந்து பாத்துக்கச் சொல்லு."

அவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். காலையில் வெயில் ஏறுவதற்கு முன் அவர் மெல்ல இறங்குகிறார். நான் பின்னாலேயே போகிறேன், அவருக்குத் தெரியாமல்.

உனக்கு எல்லா வாசல்களும் திறக்கட்டும், தம்பி. திறக்கிற கதவுக்கு உள்ளே வீடும் இருக்கட்டும்.

உன் அக்கா,
ருதைனா