பாதை பிரியும் இடத்தில் ஒரு தழை

1953 பிப்ரவரி 3, செவ்வாய். ஜவளகிரி

மலாயாவிலிருந்து வந்து பதினெட்டு நாள். ஊரில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: அங்கே நீ பட்டாளமா, போலீஸா? இரண்டும் இல்லை. ரப்பர் தோட்டத்துக் கம்பெனி சம்பளத்துக்கு வைத்த துப்பாக்கிக்காரன். பட்டாளத்துக்காரன் செத்தால் கொடி போர்த்துவார்கள். எங்கள் ஒப்பந்தத்தில் சாவைப் பற்றி ஒரு வரி உண்டா என்று தேடித் தேடிப் படித்தேன். இல்லை.

அடுத்த வியாழன் ஏஜெண்டு ரசூல் சாயபு ஓசூர் வருகிறார். கையெழுத்துப் போட்டால் இன்னும் மூன்று வருஷம். இந்தத் தடவை தலைமைக் காவலன்.

பிப்ரவரி 4

ஒரு கேள்வி என்னை விடமாட்டேன் என்கிறது. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளுக்கு நாங்கள் ரோந்து போகும் வழி எப்படித் தெரிந்தது? தினம் வழியை மாற்றினோம். முன்னால் நடக்கும் நான்தான் காட்டுக்குள் போனபிறகு முடிவு செய்வேன். ஆனாலும் ஆகஸ்டில் அன்று, திரும்பும்போது, சரியாக நாங்கள் போன அதே வழியில் காத்திருந்தார்கள். எங்கள் பக்கத்துப் பேரிகை ஊர்க் கங்கப்பன் எனக்கு மூன்று ஆள் பின்னால் வந்தான். அவன் விழுந்த சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டும் அய்யாக்கண்ணு அன்று காலை வேலி ஓரம் நின்றிருந்தான். விசாரணையில் அதைச் சொன்னேன். அவன்தான் தகவல் கொடுத்தான் என்று முகாமில் அடைத்துவிட்டார்கள். பார்த்ததைத்தானே சொன்னேன்? ஆனால் வேலி ஓரம் நின்றவனுக்கு, நான் உள்ளே போய் எந்தப் பக்கம் திரும்புவேன் என்று எப்படித் தெரியும்? அப்போது ஏன் யாரும் இதைக் கேட்கவில்லை? நான் ஏன் கேட்கவில்லை?

பிப்ரவரி 5

சிவப்புப் பசுவைக் காணோம். என் சம்சாரம் சாந்தம்மா என்னைத்தான் திட்டுகிறாள்.

பிப்ரவரி 6

பசுவைத் தேடி விடிந்ததும் காட்டுக்குள் போனேன். ஓடைப் பள்ளத்தில் மேய்ந்துகொண்டிருந்தது. உச்சிவேளைக்குச் சாந்தம்மா களி உருண்டையோடு எதிரே வந்து நிற்கிறாள். எந்தப் பக்கம் போகிறேன் என்று அவளிடம் சொல்லவே இல்லை. எப்படி வந்தாய் என்றேன்.

"பாதை பிரியற எடத்துல எல்லாம் தழை ஒடிச்சிப் போட்டுட்டு வந்திருக்கீங்க. அதப் பாத்துக்கிட்டே வந்தேன்."

நான் எதையும் ஒடிக்கவில்லை என்றேன். சிரித்துவிட்டு என் கையைப் பிடித்துக் காட்டினாள். விரலெல்லாம் பச்சைக் கறை.

எங்கள் பக்கத்தில் காட்டுக்குள் முன்னால் போகிறவன், பாதை பிரியும் இடத்தில் ஒரு கிளையை ஒடித்து, தான் போகும் பக்கமாகக் காம்பை வைத்துப் போடுவான். பின்னால் வருகிறவர்கள் வழி தவறக் கூடாதே. கை தானாகச் செய்யும். அங்கேயும் மூன்று வருஷம் நான்தான் முன்னால் நடந்தேன்.

ஐயோ. கங்கப்பா. இந்தக் கையாடா —

பிப்ரவரி 12. ஓசூர்

சாயபுவிடம் எல்லாம் சொன்னேன். காட்டிக்கொடுத்தது அய்யாக்கண்ணு இல்லை என்று தோட்டத்துக்கு எழுதப் போகிறேன் என்றேன். பொறுமையாகக் கேட்டார்.

"முடிஞ்சு போன வெவகாரம் மாதப்பா. எழுதினா அந்த உசுரு உன் தலைமேல வரும். அப்புறம் எந்தக் கம்பெனியும் உன்னக் கூப்பிடாது."

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஒப்பந்தத்தை அப்படியே திருப்பிக் கொடுத்தேன். தபாலாபீசில் நின்றுகொண்டே தமிழிலேயே எழுதினேன். தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி துரைக்குப் படித்துச் சொல்லட்டும்.

மார்ச் 1

பேரிகை போனேன். கங்கப்பன் சம்சாரம் கெம்பம்மாவிடம் சொன்னேன். அழுவாள், ஏசுவாள் என்று நினைத்தேன். "பின்னால வந்தவரு கண்ணுலயும் அந்தத் தழை பட்டிருக்குமே?" என்று மட்டும் கேட்டாள்.

பட்டிருக்கும். நம்ம ஊர் வழக்கம்தானே என்று தாண்டி வந்திருப்பான்.

ஜூன் 20

கிராணியின் கடிதம் வந்தது. அய்யாக்கண்ணுவை விட்டுவிட்டார்களாம். பத்து மாதம் உள்ளே இருந்திருக்கிறான். எனக்கு இனி அங்கே வேலை இல்லை. அய்யாக்கண்ணு எனக்கு ஏதாவது சொல்லி அனுப்பியிருக்கிறானா என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

சாயங்காலம் விறகுக்குப் போனோம், நான் முன்னால். பாதை பிரியும் இடத்தில் கை தழைக்குப் போயிற்று. இழுத்துக்கொண்டேன். சாந்தம்மா வந்து சேரும்வரை அங்கேயே நின்றேன்.