ஒரே வாய்க்கால், வேறு மடை

ஏட்டி,

அலமாரிக் கண்ணாடியில் ஒட்டியிருந்த பழைய செய்தித்தாளை இன்று காலையில் ஈரத்துணி வைத்து உரித்தேன். உன் வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போகிறார்கள், சாமான்களை ஒதுக்க வா என்று அத்தான் பூதப்பாண்டிக்குக் கூப்பிட்டிருந்தார். மைதாப் பசை லேசில் விடவில்லை. நகத்தால் சுரண்டிச் சுரண்டிக் கடைசித் துண்டும் வந்தபோது உள்ளே நீ நின்றாய். இரட்டையாகப் பிறந்ததற்கு இதுதான் தண்டனை போலிருக்கிறது. போனவளின் முகத்தைத் தினமும் பல் தேய்க்கும்போது பார்க்க வேண்டும்.

சின்ன வயதில் நமக்குக் கண்ணாடியே தேவைப்பட்டதில்லை. பள்ளிக்கூடம் கிளம்பும்போது எதிரெதிரே நிற்போம். என் முகத்தைப் பார்த்து நீ பொட்டு வைப்பாய், உன் முகத்தைப் பார்த்து நான் வைப்பேன். மண்டைக்காட்டு அம்மன் கொடை விழாவுக்குப் போனால் வளையல்காரர், "இப்பந்தான வாங்கிட்டுப் போன, மறுவடியும் வந்தியா?" என்று என்னை விரட்டுவார். நீ தூரத்தில் நின்று வளையலைக் குலுக்கிக் காட்டுவாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுசாக ஆறவில்லை.

மறதி வந்த புதிதில் நாம் சிரித்தோம். தீயல் குழம்பில் இரண்டு தடவை புளி ஊற்றிவிட்டு, "சவத்த விடுட்டீ, வயசாவுதுலா" என்றாய். எனக்கும் அதே வயசுதானே என்று கேலி செய்தேன். கடைக்குப் போன நீ வீட்டுக்கு வரும் தெரு தெரியாமல் கோயில் வாசலில் நின்று அழுத அன்றோடு சிரிப்பு நின்றது. திருவனந்தபுரத்து டாக்டர் அல்சைமர் என்றார். இத்தனை சீக்கிரம் சிலருக்கு வருவதுண்டு என்றார்.

அப்புறம்தான் அலமாரிக் கண்ணாடி. அதற்குள் இருந்தவள் நான்தான் என்று நினைத்தாய். தட்டைத் தூக்கிக்கொண்டு போய், "தின்னியா? வாயத் தொறட்டீ" என்று சோற்றை உருட்டி வைப்பாய். கண்ணாடி முழுக்கச் சோறும் குழம்பும் வழியும். அதைப் பார்த்து உனக்கு நோய் முற்றுகிறது என்று பயந்துபோய்த்தான் அத்தான் காகிதம் ஒட்டினார். அன்றிலிருந்து நீ சாப்பிடவில்லை. "அவ திங்கல்லியே, எனக்கு மட்டும் என்னத்துக்கு?" என்றாயாம். அத்தான் போனில் சொல்லி அழுதார். நான் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு வந்து உன் எதிரே உட்கார்ந்தேன். முதல் உருண்டையை என் வாயில் வைத்தாய். நான் விழுங்கியதைப் பார்த்துவிட்டுத்தான் நீ தின்றாய். கை கழுவிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பொட்டும் வைத்தாய். கொஞ்சமும் கோணவில்லை. நான் தங்கையா, கண்ணாடியா என்பது உனக்குத் தெரியவில்லை, வேண்டியவள் என்பது மட்டும் தெரிந்தது.

உன்னைக் காட்டப் போன ஒரு நாள் டாக்டரிடம் கேட்டே விட்டேன். "ஒரே கருவுல பொறந்தோம் சார். அவளுக்கு வந்திருக்கு, நா எப்பிடி நல்லா இருக்கேன்?"

அவர் பொறுமையாகச் சொன்னார். "மரபணு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். எது வேலை செய்யணும், எது சும்மா கெடக்கணும்னு அதுமேல அடையாளங்கள் இருக்கு. வயசும் வாழ்க்கையும் அதை மாத்தும்." இந்த நோயில் மூளையில் அந்த அடையாளங்கள் மாறிப்போகின்றன, ஞாபகத்துக்கு வேண்டிய சில மரபணுக்கள் ஓய்ந்துவிடுகின்றன என்றார். அவை மாறியதால் நோய் வந்ததா, நோய் வந்ததால் அவை மாறினவா என்று இன்னும் யாரும் அடித்துச் சொல்ல முடியாதாம். எனக்கும் வருமா என்று கேட்டேன். "வரும்னும் சொல்ல மாட்டேன், வராதுன்னும் சொல்ல மாட்டேன்" என்றார்.

திரும்பி வரும் வழியில் வயல்களைப் பார்த்தபோது எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது. வாய்க்கால் ஒன்று, தண்ணீரும் ஒன்று. உன் வயலின் மடையில் சேறு அடைத்துவிட்டது, என்னுடையது இன்னும் திறந்திருக்கிறது. நீ என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாய்.

அன்று முதல், எது அடைத்தது என்ற கேள்வி நம் குடும்பத்தை விடவில்லை. அத்தான் இன்றும் கேட்டார். "நா மஸ்கட்ல கெடந்தேன். அவ ஒத்தையில எங்கம்மயப் பாத்தா, வயலப் பாத்தா, பிள்ளயப் பாத்தா. ஒறக்கமே கெடயாது. அதுலதான் அடச்சிருக்குமோ?" ஒரு காரணத்தைப் பார்த்து விரல் நீட்ட முடியாது என்று டாக்டர் சொன்னதை மறுபடியும் சொன்னேன். தலையாட்டினார். நாளைக்கும் கேட்பார். நானும் ஒன்றும் குறைந்தவள் இல்லை. நான் கத்தித் தீர்த்தேன், நீ எல்லாவற்றையும் விழுங்கினாய், அதனால்தானோ என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். யார்மேலாவது பழி போட்டால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது, வெட்கக்கேடு.

உன் மகள் சிந்து பெங்களூரிலிருந்து தினமும் சாயங்காலம் கூப்பிடுகிறாள். "சித்தி, இன்னைக்கு என்ன கறி வச்சிய?" பாசத்தில் கேட்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அது என் ஞாபகத்துக்கு வைக்கும் பரீட்சை என்று தெரிய நாளாயிற்று. என் உடம்பில் இருப்பது உன் உடம்பில் இருந்ததேதான். எனக்கு வராமலிருந்தால் தனக்கும் வராமலிருக்கலாம் என்று அந்தப் பிள்ளை என்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

நேற்று அவள் கேட்டபோது எனக்கு ஒன்றும் வரவில்லை. அந்தப் பக்கம் அவள், "சித்தி? சித்தி?" என்றாள். "அவியல் மக்கா" என்றேன். சரி சித்தி என்று நிம்மதியாக வைத்துவிட்டாள். அடுக்களைக்குப் போய்ச் சட்டியைத் திறந்தேன். மீன்குழம்பு. மத்தியானம் நானே வைத்து நானே தின்றது.

வயசாவுதுலா என்று நாம் அன்று சிரித்துவிட்ட மாதிரி சிரித்துவிடத்தான் பார்த்தேன். முடியவில்லை. பயமாக இருந்ததுட்டீ. அவளைத் திரும்பக் கூப்பிட்டேன்.

"மக்கா, தப்பாச் சொல்லிட்டேன். மீனுலா வச்சேன். ஒண்ணுமில்லாமலும் இருக்கலாம். சனிக்கிழமை வாறியா? டாக்டரப் பாத்துட்டு வருவோம்."

அவள் அழுதாள். அழுகையோடேயே, "வாறேன் சித்தி. எனக்கிட்ட மறைக்கல்லியே, அது போதும். இனிமேயும் எதுன்னாலும் சொல்லிரணும், என்னா?" என்றாள்.

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். சொல்லத் தெரிகிற வரைக்கும்தான் சொல்ல முடியும் என்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.