நறுக்கும் வேலை

மார்ச் 4, திங்கள்
எங்கள் ஸ்கேன் மையத்துக்குப் புது இன்டர்நெட் இணைப்பு வந்து எட்டு நாள். பத்து மடங்கு வேகம் என்றார்கள். ஒரு மூளை ஸ்கேன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர இன்றும் பதினோரு நிமிடம். அங்கே மருத்துவராக இருக்கும் மருமகள் கைக்கடிகாரத்தோடு காத்திருக்கிறாள்.

மார்ச் 5
இணைப்பு கொடுத்த நிறுவனத்தின் லைன்காரர் வந்தார். படங்களைச் சிறு பாக்கெட்டுகளாக நறுக்கித்தான் அனுப்ப முடியும். என் பொறுப்பில் உள்ள சர்வரில் அந்த வேலையைப் பிராசஸர் செய்து திணறுகிறதாம்.
"நெட்வொர்க் கார்டுகிட்ட விட்டுடலாமாம்மா?"
"அதைத் தொடாதீங்க. உங்க லைனைப் பாருங்க."
ஆறு வருடம் முன்பு கார்டு தப்பாக நறுக்கிப் படங்கள் பாழாயின. அந்த வசதியை அணைக்கச் சொன்னவள் நான். இதை அவரிடம் சொல்லவில்லை. அவரிடம் எதற்கு?

மார்ச் 8
அவருடைய நிறுவனத்துக்குப் புகார் எழுதினேன். 'வேலை தெரியாதவர்.' கான்வென்ட் கையெழுத்து. ஓர் அடித்தல் இல்லை.

மார்ச் 12
அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம்.
"அவர் சொன்னதை ஒரு தடவை செஞ்சு பார்த்திருக்கலாமே, அத்தை?"
"நீ படத்தைப் பாரு."
"வந்தாத்தானே பாக்கறதுக்கு!"

மார்ச் 17, ஞாயிறு
மையம் விடுமுறை. சர்வர் அறையில் நான் மட்டும்.
பழைய கார்டை மாற்றி இரண்டு வருடம் ஆகிறது. புதியதை வாங்கியவளும் நானே. அணைத்தது மட்டும் அணைத்தபடி.
நறுக்கும் வேலையைக் கார்டிடம் கொடுத்தேன். ஒரு ஸ்கேன் போய்ச் சேர இரண்டு நிமிடம், ஆனால் நடுவில் இருமுறை நின்றது. ஒரே தடவையில் கார்டுக்குத் தரும் துண்டின் உச்ச அளவைப் பாதியாக்கினேன். நிற்கவில்லை. நாற்பத்தெட்டு நொடி. ஐந்து முறை அனுப்பினேன். ஒரு படமும் கெடவில்லை.
அந்த மனுஷன் சரியாத்தானே சொன்னார் — கேட்டேனா? அவர் வீட்டுல இப்போ என்ன பாடோ.

மார்ச் 18
நிறுவனத்துக்கு மறுபடி கடிதம். இரண்டைக் கிழித்தேன். மூன்றாவதில், தவறு என்னுடையது என்று முதல் வரியிலேயே இருக்கிறது.

மார்ச் 25
லைன்காரர் போனில் பேசினார். திரும்ப எடுத்துக்கொண்டார்களாம். மன்னிப்புக் கேட்டேன்.
"கடுதாசியைக் காட்டினாங்கம்மா. உச்ச அளவு எவ்வளவு வச்சீங்க?"
"பாதி."
"நான் கால்வாசி வச்சிருப்பேன்."
"வச்சுப் பார்த்தேன். ஐம்பத்தாறு நொடி."
சிரித்தார். எப்போது வருவீர்கள் என்றேன்.
"என்னை அந்தப் பக்கம் வேலைக்குப் போட வேணாம்னு நான்தான் கேட்டுக்கிட்டேன். தப்பா நினைக்காதீங்கம்மா."
இல்லை என்றேன்.
புதன்கிழமை வேறொரு லைன்காரர் வருகிறார். அவருக்காகச் சர்வர் அறையில் இன்னொரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன்.