செர்பிய வயலில் உன் அதட்டல்

அன்புள்ள நீவெஸுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா? அத்தைக்கு இருமல் நின்றதா?

நம் சமையலறையில் நீ வளர்த்த வேட்டைநாய் பிரீனா, காடையை மோப்பம் பிடித்தால் சிலை மாதிரி நிற்கிறாள். அது பறந்த பிறகும் அசையாமல் நிற்கத்தான் பழக்குகிறேன்; அவளோ துரத்தி ஓடிவிடுகிறாள். மாதக் கடைசி ஞாயிறன்று முதலாளி வருகிறார். அப்போதும் ஓடினால் அவளை விற்றுவிடுவாராம்.

நேற்று கயிற்றோடு என்னையும் இழுத்துப்போய் வாய்க்காலில் தள்ளினாள். கணுக்காலில் லேசான வீக்கம்தான். நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரம்மா ராதோய்கா கரையில் நின்று, "ஏம்ப்பா இத்தாலிக்காரா, யாரு யாரைப் பழக்குறீங்க?" என்றாள்.

நான் எழுவதற்குள் பிரீனா அடுத்த காடையிடம் நின்றிருந்தாள். அது சிறகடித்ததும், சேற்றுக் காலோடு வீட்டுக்குள் வருபவர்களிடம் நீ கத்துவதை அப்படியே கத்தினேன்: "அங்கயே நில்லு! இப்பதான் தரையத் தொடச்சேன்!"

காடை போய்விட்டது. பிரீனா அசையவில்லை. பழக்கதோஷத்தில் நானும் அசையவில்லை.

கம்பளிக் காலுறையும் நம் ஊர்ச் சோளமாவும் அனுப்பு. அந்த ஞாயிறு காலை வயலிலிருந்து போன் செய்கிறேன். நீயே ஒருமுறை அதட்டிவிடு. என் குரலை அவள் எத்தனை நாள் நம்புவாளோ. முதலாளி கிளம்பிய பிறகும் போனை வைத்துவிடாதே, இன்னும் கொஞ்சம் திட்டு.

தபால்காரர் வாசலில் நிற்கிறார்.

உன்
டுல்லியோ