அப்பா அள்ளிய சோயா

அன்புள்ள அம்மாவுக்கு, ஹருயோ வணங்கி எழுதுவது. இந்தக் குளிரில் உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம்.

போன வாரம் அப்பா, சோயாவைப் புளிக்க வைத்து விழுதாக்கும் எங்கள் மிசோ ஆலையைப் பார்க்க வந்ததில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. முதலாளி குராமோச்சியே சுற்றிக் காட்டினார். மிசோ தடவிச் சுட்ட டோஃபுவை அப்பா மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மிசோவுக்கான பூஞ்சணம் வளர்க்கும் அறையில் வெந்த சோயாவைக் கையில் அள்ளி முகர்ந்தும் பார்த்தார்.

இப்போது அந்தச் சோயா நூல்நூலாக இழுக்கிறது. நூல்விடும் புளித்த சோயாவான நாட்டோவைச் சாப்பிட்ட கை பட்டால்தான் அப்படி ஆகும்; அதன் கிருமி ஒட்டிக்கொண்டு எங்கள் பூஞ்சணத்தையே கெடுத்துவிடும். முதலாளி எங்களை நிற்க வைத்து, "இங்க வேலை பார்க்கிறவங்க நாட்டோ தின்னக் கூடாதுன்னு தெரியும்ல? யாருப்பா தின்னது?" என்று மெதுவாகக் கேட்டார். எல்லோரும் இல்லையென்று தலையாட்டினோம்.

"அப்போ வெளியாளுதான்" என்றவர், என்னையே பார்த்தார். அந்த அறையைப் பூட்டிவிட்டார்கள். என்னோடு யாரும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. அதெல்லாம் சரியாகிவிடும்.

கம்பளிக் காலுறை இருந்தால் அனுப்புங்கள். முதலாளி கூப்பிடுகிறார், போக வேண்டும். அப்பாவிடம் எதுவும் கேட்க வேண்டாம். அன்று ரயிலேறும் முன் அவருக்குச் சோற்றோடு என்ன வைத்தீர்கள் என்று மட்டும் எழுதுங்கள்.

உங்கள் மகள்,
ஹருயோ