கரிச்சானுக்கும் காட்டுப்பூனைக்கும்

பங்குனி 3

பாப்பு, இன்றைக்கும் காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. திருவெள்ளறை வயலில் வாழைக்குத் தண்ணீர். சத்திரம் பஸ் ஸ்டாண்டு கடையில் வாங்கி வந்த நெத்திலிக் கருவாடு பாதியைக் காணோம். எலி தூக்கியிருக்கும்.

துவாக்குடியில் படிக்கும்போது நீ எழுதிய நோட்டில்தான் எழுதுகிறேன். மிச்சப் பக்கம் வீணாகக் கூடாது. காய்ச்சலில் நீ போய் நாலு மாசம்.

நடுப்பக்கத்தில் கோடு போட்டு, நம் வயலில் பார்த்ததை எழுதியிருக்கிறாய். இந்தப் பக்கம் குண்டுக் கரிச்சான் குருவி, அந்தப் பக்கம் காட்டுப்பூனை.

வால் - குருவி நிமிர்த்தும். பூனைக்குக் குட்டை, கறுப்பு வளையம்.
தீனி - குருவிக்குப் புழு. பூனைக்கு எலி, கிடைத்தால் குருவியும்.
சத்தம் - குருவி பாடினால் தெருவுக்கே கேட்கும். பூனைக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை.

குருவி அம்மா, பூனை அப்பா என்று எங்களைக் கேலி செய்வாயே.

பங்குனி 4

மோட்டார் கொட்டகைச் சுவர் ஓட்டையில் கரிச்சான் குஞ்சு பொரித்திருக்கிறது. எட்டிப் பார்த்தேன். மூணு வாய். கீழே வரப்பில் பூனைத் தடம்.

"என்னங்க, வேட்டு போட்டு விரட்டுங்க அத."

"இருந்துட்டுப் போவுது, விடு."

"பொண்ணு போனதுக்கே அழாத ஆளு, குஞ்சு போனாவா அழப் போறீங்க?"

சொல்லியிருக்கக் கூடாது. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இலை அறுக்க வந்த பொம்பளைகள் பேசிக்கொண்டது: "அக்கா பேசுற பேச்சுல பாதிய அண்ணனுக்குக் குடுத்தா ரெண்டு பேரும் பொழச்சுக்குவாங்கடி."

சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை.

நோட்டில் பூனைக்கு நேரே "சத்தம் இல்லை" என்று எழுதினேன்.

பங்குனி 6

விடியும்போது மேகம். அப்பா பாய் காலி. தேடிப் போனேன்.

கொட்டகை வாசலில், மடியில் தடியோடு உட்கார்ந்திருக்கிறார். தூரத்து வரப்பில், நாணல் ஓரமாகப் பூனை. அதன் முன்னால் இலைக் கிழிசலில் என் கருவாடு!

"அங்கயே தின்னுட்டுப் போ தங்கம். இந்தப் பக்கம் வராத. இது பாப்பு பாத்த குருவி. நீயும் பாப்பு பாத்த பூனதான். ஒன்ன நான் எப்படி அடிக்கிறது?"

குரல் உடைந்துவிட்டது. துண்டை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. நான் வாழைக்குப் பின்னாலேயே நின்றேன். பூனை தின்றுவிட்டுப் போனது. கரிச்சான் பாட ஆரம்பித்தது.

சத்திரம் போனால் கருவாடு அரைக் கிலோ. உப்பு போகக் கழுவி, எலி எடுக்கிற இடத்திலேயே வைக்க வேண்டும்.

நோட்டில் "சத்தம் இல்லை" என்பதை அடித்துவிட்டேன். "பக்கத்தில் போய் நின்றால் கேட்கும்" என்று எழுதியிருக்கிறேன். சரிதானா, பாப்பு?