ஒரே நம்பரில் நான்கு பேர்

மார்ச் 4, திங்கள்

மூன்று டேட்டாபேஸ், மூன்று சண்டைக்காரர்கள். மருத்துவமனை முன்மேசையில் இருப்பது பழசு. நோயாளிகளின் செல்போன் ஆப்புக்குப் பின்னால் இருப்பது புதுசு. வீடு வீடாகப் போகும் நர்ஸ்களின் டேப்லெட்டில் இருப்பது நெட் இல்லாமலும் ஓடவேண்டிய குட்டி. மூன்றிலும் அதே நோயாளிகளின் பெயர், போன் நம்பர், முகவரிதான். ஆனால் ஒன்று பேசுவது இன்னொன்றுக்குப் புரியாது. இவற்றுக்கு மேலே ஒரே ஓர் அடுக்கு எழுதுவது என் வேலை. சேர், தேடு, மாற்று, அழி – நான்கே கட்டளை. பின்னால் எந்த டேட்டாபேஸ் இருக்கிறது என்று கேட்கிறவனுக்குத் தெரியவே கூடாது.

நன்றாகத்தான் வருகிறது. நானே சொல்லிக்கொள்ளக் கூடாதுதான். வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

மார்ச் 6, புதன்

டீம் லீடுக்கு ஆபீஸ் வைத்த பெயர் 'அவசரம்'. இன்றைக்கும் நின்றுகொண்டே முடிவெடுத்தார். மூன்று இடத்து ஆட்களையும் ஒன்றுசேர்க்கும்போது, போன் நம்பர் ஒன்று என்றால் ஆளும் ஒன்று.

"ஒரே நம்பரை வீட்ல நாலு பேர் குடுப்பாங்களே சார்?"

"அதெல்லாம் அந்தக் காலம்பா. இப்ப ஆளுக்கொரு போன். பழைய டேட்டாபேஸ்லயே ஒரு நம்பருக்கு ஒரு ஆளைத்தான் ஏத்த முடியும். இத்தனை வருஷமா ஓடலையா?"

என் சீட்டுக்குத் திரும்பினேன். எரிச்சல். எப்படித்தான் ஓடியது அது?

மார்ச் 7, வியாழன்

தெரிந்துவிட்டது.

பழைய டேட்டாபேஸின் நகலை இறக்கி நம்பர்களை மட்டும் பார்த்தேன். நிறைய நம்பர்களின் வாலில் ஒரு புள்ளி. சிலவற்றில் இரண்டு, மூன்று. முன்மேசைக்குப் போன் போட்டேன். எடுத்த அம்மா சிரித்தார்.

"இருக்கற நம்பரையே மறுபடி போட்டா அது ஏத்துக்காது தம்பி. ஒரு புள்ளி வச்சா ஏத்துக்கும். மொத வந்தது மாமியார், ஒரு புள்ளி மருமக, ரெண்டு புள்ளி மகன். எங்களுக்குள்ள பழக்கம்."

"இதை எங்ககிட்ட ஏம்மா சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க?"

கோபம் வந்தது. கதவைப் பூட்டிவைத்தது எங்கள் ஆட்கள். ஜன்னல் வழியே ஏறியதற்கு அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

அவசரம் சொல்லியிருக்கும் சுத்தப்படுத்தும் பகுதி, எண்களைத் தவிர மற்றதையெல்லாம் துடைத்துவிடும். புள்ளி போய்விடும். மாமியார், மருமகள், மகன் எல்லாம் ஒரே ஆள். போனை யார் எடுத்தாலும், யாரைக் கூப்பிடச் சொல்வது என்று நர்ஸுக்கு ஒரு பெயர் வேண்டும். மருமகளின் பரிசோதனை முடிவு வந்திருக்கும்; திரையில் மாமியார் பெயர் இருக்கும். அது அவள் இன்னும் யாரிடமும் சொல்லாத விஷயமாக இருந்தால்?

மார்ச் 8, வெள்ளி

சொன்னேன். "புள்ளி அவங்க பிரச்சினை. நமக்குத் தேதிதான் பிரச்சினை" என்றார் அவசரம்.

"அப்படின்னா அதை நான் எழுத மாட்டேன் சார்."

வரிசையாகத் தலைகள் திரும்பின. அவர் குரலை இறக்கினார். "இந்த மாசக் கடைசியில உன்னை நிரந்தரம் பண்ற பேப்பர் என் மேசைக்குத்தான் வரும். ஞாபகம் இருக்கட்டும்."

இருக்கிறது. அதனால்?

மார்ச் 9, சனி

அக்காவிடம் சொல்லியிருக்கக் கூடாது. அவள் வீட்டில் இருந்துகொண்டு சொல்லாமலும் இருக்க முடியாது.

"ஏண்டா, வேலை நிரந்தரமாகற வரைக்கும் அந்த வாயை எங்கயாவது வாடகைக்கு விட்டா என்ன?"

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து மாமா: "எடுக்க ஆள் கிடைக்கணுமே."

புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து சிரிக்கிறார்கள். பிறகு அக்கா நிஜமாகவே கேட்டாள்: "யாரோ வீட்டு மாமியார் மருமக. உனக்கென்னடா?"

எனக்கென்ன? ஒன்றுமில்லை. மகான் வேஷமெல்லாம் இல்லை. தப்பென்று தெரிந்தே எழுதினால் அப்புறம் என் எழுத்தை நானே எப்படி நம்புவது? அவ்வளவுதான்.

மார்ச் 12, செவ்வாய்

பக்கத்து சீட் கண்ணாடிக்காரனிடம் அந்த வேலையை அவசரம் கொடுத்துவிட்டார். "எகிற எனக்கு வசதி இல்லடா" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

மார்ச் 14, வியாழன்

மருத்துவமனை நிர்வாகி வந்திருந்தார். செய்து காட்டும் கூட்டம். கீபோர்டு என்னிடம். அதுதான் அவசரம் செய்த தவறு.

"யாராவது ஒரு குடும்பத்தைச் சேர்த்துக் காட்டுங்க" என்றார் நிர்வாகி. நான் அவசரத்தைப் பார்த்தேன். "சார், உங்க மிஸஸ் நம்பர் சொல்லுங்க. அதுல வேற யாராச்சும் இருக்காங்களா?"

"என் மாமியாருக்கும் அதேதான். அவங்களுக்குத் தனியா போன் பிடிக்காது."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. அதற்குள் சோதனை நகலில் இருவரையும் ஏற்றிவிட்டேன், முன்மேசை வழக்கப்படி – மாமியாருக்குப் புள்ளியில்லை, மனைவிக்கு ஒரு புள்ளி. 'ஒன்றுசேர்' அழுத்தினேன். திரையில் ஒரே ஒரு வரி. மாமியார்.

"மிஸஸ் எங்கப்பா?" என்றார் அவசரம்.

"இவங்கதான் சார் இனிமே."

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த நிர்வாகிக்குப் புரையேறியது. சிரித்து முடித்ததும் அவர் முகம் மாறியது. "எங்க ஆளுங்க இப்படியா புள்ளி வைக்கறாங்க?" நகலைத் திறந்து காட்டினேன். உருட்டிக்கொண்டே போனார். மேசைக்கடியில் அவசரம் என் காலை மிதித்தார். மிதிக்கட்டும். ஷூ மாமாவுடையது.

மார்ச் 15, வெள்ளி

"என் பொண்டாட்டியை எல்லார் முன்னாடியும் அழிச்சிட்ட."

"நான் இல்ல சார். உங்க விதி."

மார்ச் 20, புதன்

அவசரத்திடமிருந்து எல்லாருக்கும் மெயில். ஆளுக்கொரு தனி அடையாளம். போன் நம்பர் வெறும் விவரம். சந்தேகம் வந்தால் புரோகிராம் தானாக முடிவெடுக்காது, மனிதரைக் கேட்கும். தனக்கே தோன்றியது போல எழுதியிருக்கிறார். என் பெயர் இல்லை. வைத்துக்கொள்ளட்டும்.

கண்ணாடிக்காரன் தான் எழுதியதைத் தானே அழித்துவிட்டு என் பக்கம் நாற்காலியை இழுத்துப்போட்டான். வேகமாகத்தான் எழுதுகிறான், கழுதை.

மார்ச் 29, வெள்ளி

பேப்பர் வந்தது. நிரந்தரம் இல்லை. இன்னும் ஆறு மாதம் பார்ப்பார்களாம். காரணம்: பணிவு போதாது. கையெழுத்துப் போட்டேன். போதாதுதான். இனிமேலும் போதாது.

அக்கா இரண்டு முறை படித்தாள். "பொய்யா ஒண்ணும் எழுதலையே" என்று திருப்பிக் கொடுத்தாள்.

ஏப்ரல் 3, புதன்

இன்று முதல் ஓடுகிறது. முதல் போன் முன்மேசையிலிருந்து.

"என்ன தம்பி பண்ணி வச்சிருக்கீங்க? நம்பரைப் போட்டா நாலு பேரைக் காட்டி, இதுல யாருன்னு கேக்குது. எதிர்ல நிக்கறவங்களை ஒவ்வொரு தடவையும் கேக்க வேண்டியிருக்கு."

"கேளுங்கம்மா."

"இங்க வரிசை வாசல் வரைக்கும் நிக்குது!"

"நிக்கட்டும். கேளுங்க."

அவர் ஏதோ முணுமுணுத்தார். போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் திரும்பிக் கேட்டது காதில் விழுந்தது: "உன் பேர் என்னம்மா?"

ஒரு பெண் குரல், மெதுவாக, தன் பெயரைச் சொன்னது.